மூடப்பட்ட டயாலிசிஸ் பிரிவின் செலவு யார் கணக்கில் ஏறியிருக்கிறது? – மாவட்டச் சுகாதாரத் திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்டச் சுகாதாரத் திட்டக் குழுவின் உறுப்பினர்களுக்கும், அக்குழுவுக்காகச் செலவு ஆய்வறிக்கையைத் தயாரித்துக் கொடுத்த ஆய்வாளர்களுக்கும்,

எங்கள் தாலுக்கா மருத்துவமனையில் இயங்கிவந்த டயாலிசிஸ் பிரிவை மூடி, அங்கே சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த 19 பேரையும் 58 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றுவதென்று ஏழு மாதங்களுக்கு முன்பு நீங்கள் எடுத்த முடிவை எதிர்த்து இந்த மடலை எழுதுகிறேன். அந்த 19 பேரில் ஒருவன் என் தம்பி. 44 வயது. காவிரிக் கடைமடையில் நெல் அறுவடை இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தவன். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துபோனதிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்டு உயிரோடு இருக்கிறான். நான் 22 ஆண்டுகளாக அரசுக் கலைக் கல்லூரியில் பொருளியல் கற்பிக்கிறேன். ஆகவே உங்கள் முடிவை ஓர் அக்காவாகவும் படித்தேன், உங்கள் அறிக்கையின் கணக்கைப் பொருளியல் ஆசிரியையாகவும் படித்தேன். இரண்டு வகையிலும் அதை ஏற்க முடியவில்லை.

முடிவை அறிவித்தபோது காரணம் எதுவும் எங்களிடம் சொல்லப்படவில்லை. பிரிவின் கதவில் ஒட்டிய அரைப்பக்கத் தாளில் 'நிர்வாகக் காரணங்களால்' என்று மட்டும் இருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்து, மேல்முறையீடும் செய்த பிறகே ஆய்வறிக்கையின் நகல் என் கைக்கு வந்தது. அதன் வாதம் ஒரே பத்தியில் அடங்குகிறது. பிரிவில் ஐந்து இயந்திரங்கள் இருக்கின்றன. நாளுக்கு மூன்று ஷிஃப்ட், வாரத்துக்கு ஆறு நாள் என்று ஓட்டினால், ஒருவருக்கு வாரம் மூன்று முறை என்ற கணக்கில் 30 பேருக்குச் சிகிச்சை தரலாம். வருபவர்களோ 19 பேர்தான். பயன்பாடு 63 விழுக்காடு. ஆகவே ஒரு முறை டயாலிசிஸ் செய்ய ஆகும் சராசரிச் செலவு மருத்துவக் கல்லூரியில் ஆவதைவிட அதிகம். இரண்டையும் ஒன்றாக்கினால் அரசுக்கு மிச்சம்.

கூட்டல் கழித்தலில் இதில் பிழை இல்லை. எண்களை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதில்தான் பிழை இருக்கிறது.

ஐந்து இயந்திரங்களில் ஒன்று, மூடுவதற்கு முந்தைய ஏழு மாதங்களாக ஓடவே இல்லை. உதிரிபாகம் வர வேண்டும் என்று வெள்ளைத்தாள் ஒட்டி மூலையில் தள்ளி வைத்திருந்தார்கள். அதன் மேல் நோயாளிகள் சாப்பாட்டுப் பையை வைப்பது வழக்கமாகிவிட்டிருந்தது. அந்த இயந்திரத்தையும் உங்கள் அறிக்கை ஓடும் இயந்திரமாகவே எண்ணியிருக்கிறது. மீதி நான்கில் காலை ஷிஃப்டும் நண்பகல் ஷிஃப்டும் முழுவதும் நிரம்பியிருந்தன. அதுவே 16 பேர். மாலை நாலரைக்குத் தொடங்கும் மூன்றாவது ஷிஃப்டில் மூன்றே பேர்தான் இருந்தார்கள் என்பது உண்மை. ஏன் என்று ஆய்வாளர்கள் யாரும் கேட்கவில்லை. நாலரைக்கு ஏற்றினால் இயந்திரத்தை நிறுத்த எட்டரை ஆகும். ஊசிகளை உருவி, இரத்தம் நிற்கும் வரை அழுத்திப் பிடித்து, இரத்த அழுத்தம் பார்த்து, எடை பார்த்து வெளியே விட ஒன்பதாகும். கிழக்கே உள்ள கிராமங்களுக்குப் போகும் கடைசி நகரப் பேருந்து 8.40-க்குக் கிளம்பிவிடுகிறது. மூன்றாவது ஷிஃப்டுக்கு வந்த மூவரும் மருத்துவமனைக்கு நடந்துபோகும் தூரத்தில் குடியிருப்பவர்கள். அதே நேரத்தில் செவிலியர் மேசையில் இருந்த நீளக் குறிப்பேட்டில், காலையிலோ நண்பகலிலோ இடம் கிடைக்குமா என்று காத்திருந்தவர்களின் பெயர்கள் 11 இருந்தன. அந்தக் குறிப்பேட்டை நானே பார்த்திருக்கிறேன். தம்பியின் பெயரும் ஒரு காலத்தில் அதில் இருந்ததுதான்.

ஆகவே நீங்கள் அளந்தது சிகிச்சைக்கான தேவையை அன்று. ஒரு பழுதான இயந்திரத்தையும் ஒரு பேருந்து நேர அட்டவணையையும் அளந்திருக்கிறீர்கள். ஒரு சேவையை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதும் எத்தனை பேருக்கு அது வேண்டியிருக்கிறது என்பதும் வேறுவேறு என்பதைச் சுகாதாரப் பொருளியலின் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர், வேல்ஸ் நாட்டின் சுரங்கத் தொழிலாளர் கிராமம் ஒன்றில் பணியாற்றிய அனுபவத்திலிருந்து 1971-ல் ஒன்றைச் சொன்னார்: நல்ல மருத்துவம் கிடைப்பது, அது யாருக்கு அதிகம் தேவையோ அவர்களிடமிருந்து விலகியே இருக்கும் போக்குடையது என்று. அதைத் தேர்வுக்காகப் படித்தபோது எனக்கு ஒரு கருத்தாகத் தெரிந்தது. இப்போது வாரம் மூன்று விடியற்காலைகளில் அது எங்கள் வீட்டு வாசலில் நடக்கிறது.

அந்த விடியற்காலையை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். தம்பிக்குக் காலை ஏழு மணி ஷிஃப்ட் ஒதுக்கியிருக்கிறார்கள். மூன்றரைக்கு எழுந்து, 4.40 பேருந்தைப் பிடித்து, தாலுக்கா ஊரில் இறங்கி, வெளியூர்ப் பேருந்து ஏறி, அங்கிருந்து ஆட்டோவில் மருத்துவமனை போய்ச் சேர்கிறான். தனியாகப் போக முடியாது. துணைக்கு ஆள் இல்லாமல் வரக் கூடாது என்று மருத்துவமனையிலேயே சொல்லியிருக்கிறார்கள், அது சரியும்கூட. ஆகவே அவன் மனைவியும் போகிறாள். நான்கு மணி நேரச் சிகிச்சை முடிந்து, வீடு திரும்பும்போது பிற்பகல் மூன்று மணி. முன்பு ஆறு கிலோமீட்டர்தான். அவள் அவனை ஸ்கூட்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, களையெடுப்புக்கோ நடவுக்கோ அரை நாள் போய்விட்டு, நண்பகலில் வந்து கூட்டிப் போவாள்.

திரும்பும் பயணத்தை ஒரு முறை கூடவே போய்ப் பார்த்தேன். டயாலிசிஸின்போது இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுக்கிறார்கள். அதனால் ஊசி போட்ட இடம் எளிதில் கசியும். கூட்ட நெரிசலில் ஃபிஸ்டுலா கையை, அதாவது டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக அறுவை செய்து நரம்பையும் தமனியையும் இணைத்திருக்கும் கையை, மார்போடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தம்பி நின்றான். வேகத்தடையில் பேருந்து தூக்கிப் போட்டபோது யாரோ ஒருவருடைய முழங்கை அவன் கையில் இடித்தது. கையில் போட்டிருந்த வெள்ளைத் துணிக்கட்டின் மேல் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்புப் படர்ந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உள்ளங்கை அளவானது. அவன் மனைவி எதுவும் பேசாமல் புடவைத் தலைப்பை மடித்து, கட்டின் மேல் வைத்து, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள். ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார். ஊர் வந்து சேரும் வரை, ஏறக்குறைய நாற்பது நிமிடம், அவள் அந்த விரலை எடுக்கவில்லை. இறங்கும்போது விரல் மரத்துப்போய் மடக்க முடியாமல் உதறிக்கொண்டே வந்தாள். இது வாரத்துக்கு மூன்று முறை நடக்கும் பயணம்.

இனி கணக்குக்கு வருகிறேன். பிரிவை மூடிய நாளிலிருந்து என் தம்பி மனைவி ஒவ்வொரு பயணத்துக்கும் ஆன செலவைப் பள்ளி நோட்டு ஒன்றில் எழுதிவருகிறாள். எழுதச் சொன்னது நான்தான். நகரப் பேருந்தில் அவளுக்குக் கட்டணம் இல்லை. அவனுக்குப் போக வர 20 ரூபாய். வெளியூர்ப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் கிடையாது என்பதால் இருவருக்கும் போக வர 180. ஆட்டோவுக்கு இரு வழியும் 160. இருவருக்கும் சாப்பாடும் தேநீரும் 130. ஒரு முறைக்கு 490 ரூபாய். மாதத்துக்குச் சராசரியாக 13 முறை என்றால் 6,370 ரூபாய். இது நேராகக் கையிலிருந்து போகும் பணம். களையெடுப்பும் நடவும் நடக்கும் மாதங்களில் அவள் இழக்கும் கூலி நாளுக்கு 350 ரூபாய் வீதம் 4,550. முன்பு பெட்ரோலுக்கும் தேநீருக்கும் சேர்த்து ஒரு முறைக்கு 40 ரூபாய் ஆகிக்கொண்டிருந்தது, மாதம் 520.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர வேண்டுமானால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதாவது மாதம் 10,000. சிகிச்சைக்குக் கட்டணம் செலுத்த இயலாத குடும்பம் என்று அரசே சான்றளித்த ஒரு குடும்பத்திடம், அந்தச் சிகிச்சை நடக்கும் இடத்துக்குப் போய்வர மட்டும், அந்த உச்சவரம்பு வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கை நெருங்கும் தொகையைச் செலவழிக்கச் சொல்கிறது உங்கள் ஏற்பாடு. ஒரு குடும்பம் தன் மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மருத்துவத்துக்காகக் கைக்காசு போட நேர்ந்தால் அதைப் பேரிடர்ச் செலவு என்று கொள்வது உலக அளவில் பரவலாகப் பின்பற்றிவந்த ஓர் அளவுகோல். இயந்திரத்தில் படுத்திருக்கும் நான்கு மணி நேரத்துக்கு எங்களிடம் யாரும் ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை என்பதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் இலவசச் சிகிச்சை என்பது கட்டில் ஓரத்தில் தொடங்கிக் கட்டில் ஓரத்திலேயே முடிவதில்லை.

தேசியச் சுகாதாரக் கணக்கின்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கைக்காசாகக் கொடுப்பது 2013-14-ல் 64.2 விழுக்காடாக இருந்து, 2021-22-ல் 39.4 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. நல்ல செய்தி, வகுப்பில் நானும் எடுத்துச் சொல்கிறேன். ஆனால் நோயாளியோடு துணைக்குப் போன பெண் இழந்த கூலி அந்தக் கணக்கில் எந்தப் பக்கமும் இல்லை. தாலுக்காவிலிருந்து ஒரு பிரிவை எடுத்து மாவட்டத் தலைநகரில் வைக்கும்போது அரசின் ஏட்டில் குறைவதாகத் தெரியும் தொகையில் பெரும் பகுதி எங்கும் மறைந்துவிடவில்லை, அது அந்தப் பள்ளி நோட்டுக்கு இடம் மாறியிருக்கிறது. 2017 முதல் மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையில் மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டுக்கென்று ஓர் அமைப்பே இயங்குகிறது. அதன் வழிகாட்டு நெறிகள் மருத்துவ அமைப்பின் செலவோடு நோயாளியின் குடும்பம் சுமக்கும் செலவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கின்றன. அறிக்கை எழுதிய ஆய்வாளர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. பிறகு ஏன் ஒரு நோயாளியிடம்கூட ஒரு கேள்வியும் கேட்காமல் அறிக்கையை முடித்தீர்கள்?

செலவு கூடினால் குடும்பங்கள் என்ன செய்யும் என்பதற்குப் பெரிய ஆய்வு தேவையில்லை. மூன்றாவது மாதம் தம்பி மனைவி என்னிடம் தொலைபேசியில், "அண்ணி, இனிமே வாரத்துக்கு ரெண்டு தடவை போதும்னு அவரே சொல்றாரு, தண்ணியைக் குறைச்சுக் குடிச்சுக்கிறேங்கிறாரு" என்றாள். நான் திட்டினேன், பணம் அனுப்பினேன், ஆனாலும் இரண்டு வாரம் அப்படியே போனது. டயாலிசிஸ் நோயாளிக்கு இடைவெளி நீள்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் 32 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 2011-ல் வெளியிட்ட முடிவுகள், வார இறுதியின் இரண்டு நாள் இடைவெளிக்கு அடுத்த நாளில் இறப்பும் இதயக் கோளாறுக்காக மருத்துவமனையில் சேர்வதும் மற்ற நாள்களைவிடக் கூடுதலாக இருப்பதைக் காட்டின. வாரம் மூன்று முறை ஒழுங்காக வருபவர்களுக்கே இந்த நிலை. தம்பிக்கு இடைவெளி நான்கு நாளானது.

ஒரு திங்கட்கிழமை பின்னிரவில் அவனால் படுக்க முடியவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றி, வாயால் மூச்சிழுத்துக்கொண்டிருந்தான். கால் வீக்கத்தில் விரலை வைத்து அழுத்தினால் குழி அப்படியே நின்றது. உடம்பில் தண்ணீர் ஏறிவிட்டது என்பது எங்களுக்கே தெரிந்தது. 108 வந்தது, ஆம்புலன்ஸ் ஊழியர் ஆக்ஸிஜன் வைத்து, வழியெல்லாம் பேசிக்கொண்டே கொண்டுபோய்ச் சேர்த்தார். எங்கள் தாலுக்கா மருத்துவமனையின் வாசலைக் கடந்துதான் போனோம். உள்ளே நான்கு நல்ல இயந்திரங்கள் உறை போட்டு நின்றுகொண்டிருந்தன. மருத்துவக் கல்லூரியில் அவசர டயாலிசிஸ், மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. அத்தனையும் காப்பீட்டில் முடிந்தது. அதாவது அரசின் பணத்தில். அந்த மூன்று நாளுக்கான தொகை எங்கள் ஊரில் எத்தனை முறை டயாலிசிஸ் செய்யப் போதுமானதாக இருந்திருக்கும் என்று நான் ஊகித்துச் சொல்லப்போவதில்லை. கோப்பு உங்களிடம் இருக்கிறது. நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

தம்பி பிழைத்துக்கொண்டான். அவனோடு அதே ஷிஃப்டில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பெரியவர் பிழைக்கவில்லை. மகள் வெளியூரில், மனைவி இல்லை, துணைக்குப் போக ஆளில்லை. இடமாற்றத்துக்குப் பிறகு ஆறாவது வாரம் போவதை நிறுத்திக்கொண்டார். தம்பி போய்க் கூப்பிட்டதற்கு, "போதும்ப்பா, யாரையும் அலைக்கழிக்க வேணாம்" என்றாராம். பத்து நாளில் இறந்துபோனார். உங்கள் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே 'இடைநின்றவர்' என்று இருக்கும். இன்றுவரை ஏன் வரவில்லை என்று கேட்டு யாரும் அந்த வீட்டுக்கு வரவில்லை. அடுத்த ஆண்டு அறிக்கையில் இவரைப் போன்றவர்கள் வராமல் போனதும் குறைந்த பயன்பாடு என்றே எண்ணப்படுமோ என்று அஞ்சுகிறேன்.

உங்கள் பக்கத்துச் சிரமங்கள் எனக்குத் தெரியாதவை அல்ல. ஒரு முறை டயாலிசிஸுக்கு ஏறக்குறைய 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். கடலோரத்தை ஒட்டிய எங்கள் பகுதியில் நிலத்தடி நீர் உப்பு, ஆர்.ஓ. கருவியின் சவ்வு சீக்கிரம் அடைத்துக்கொள்கிறது, மாற்றும் செலவு அதிகம். பயிற்சி பெற்ற டெக்னீஷியன்கள் சிற்றூர்களில் தங்குவதில்லை. சிறுநீரக மருத்துவர் தாலுக்காவில் கிடையாது. இவை மூன்றும் உண்மை. ஆனால் மூன்றுக்கும் வழி உண்டு, அந்த வழியைக் கண்டதும் நம் மாநிலம்தான். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை 1994-ல் தொடங்கியபோது செய்தது என்ன? மருந்தை மொத்தமாக ஒரே இடத்தில் பேரம் பேசி வாங்கினார்கள். ஆனால் நோயாளியை ஒரே இடத்துக்கு வரச் சொல்லவில்லை. மாவட்டக் கிடங்குகள் அமைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து, அதில் உள்ள தொகைக்குத் தேவையான மருந்தை எடுத்துக்கொள்ளச் செய்தார்கள். பிற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டுபோன ஏற்பாடு அது. சிக்கனம் கொள்முதலில் இருந்தது. மருத்துவம் பரவலாகவே இருந்தது. டயாலிசிஸுக்கும் அதையே செய்யலாம். சவ்வும் உதிரிபாகமும் பழுதுபார்ப்பும் மாவட்டம் முழுமைக்கும் ஒரே ஒப்பந்தமாக இருக்கட்டும். சிறுநீரக மருத்துவர் மருத்துவக் கல்லூரியில் இருந்துகொண்டே வாரம் ஒரு நாள் தாலுக்காவுக்கு வரட்டும், மற்ற நாள்களில் காணொளியில் பார்க்கட்டும். டெக்னீஷியன்கள் சுழற்சி முறையில் பணியாற்றட்டும். ஒன்றாக்க வேண்டியது இவற்றைத்தான்.

இயந்திரம் இல்லாமல், வயிற்றுக்குள் திரவத்தை விட்டு வெளியேற்றி வீட்டிலேயே செய்துகொள்ளும் வயிற்றுவழி டயாலிசிஸ் இருக்கிறதே என்று அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அது மிக நல்ல ஏற்பாடு, பலருக்கு அதுவே சரியான சிகிச்சையாகவும் இருக்கும். ஆனால் நாளுக்கு மூன்று நான்கு முறை, தூசியில்லாத இடத்தில், சுத்தமான கையோடு திரவத்தை மாற்ற வேண்டும். பிசகினால் வயிற்றுக்குள் தொற்று. என் தம்பியின் வீடு ஒற்றை அறை, ஓட்டுக் கூரை, அதே அறையில் அடுப்பு. ஆகவே அவனுக்கு வேண்டாம் என்று அவனைப் பார்க்கும் மருத்துவரே சொல்லிவிட்டார். தாய்லாந்து 2008-ல் வயிற்றுவழி டயாலிசிஸையே முதல் சிகிச்சையாக வைத்து, கிராமத்து ஏழைகள் ஏராளமானோருக்கு முதன்முறையாகச் சிகிச்சை கிடைக்கச் செய்தது. அதே நாடு 2022-ல் விதியை மாற்றி, எது வேண்டும் என்பதை நோயாளியும் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்யலாம் என்றது. இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். வேறு வழியைக் கொடுத்துவிட்டுத் தேர்ந்தெடுக்கச் சொல்வது ஒன்று. ஒரு வழியை அடைத்துவிட்டு மற்றொன்றைக் காட்டுவது முற்றிலும் வேறு.

எனவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

முதலாவதாக, எங்கள் தாலுக்கா மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவை, ஓடும் நிலையில் உள்ள நான்கு இயந்திரங்களோடு, காலை, நண்பகல் ஆகிய இரண்டு ஷிஃப்டுகளுக்காவது ஒரு மாதத்துக்குள் மறுபடியும் திறக்க வேண்டும். அந்த இரண்டு ஷிஃப்டுகளில் ஒரு கட்டில்கூடக் காலியாக இருந்ததில்லை என்பதை உங்கள் பதிவேடே காட்டும்.

ஆய்வறிக்கையைத் திரும்பப் பெற்று மறுபடியும் எழுத வேண்டும். இந்த முறை இடம் மாற்றப்பட்டவர்களையும், காத்திருந்த அந்த 11 பேரையும், இறந்தவர்களின் குடும்பங்களையும் நேரில் சந்தித்து, போக்குவரத்து, உணவு, இருவரின் கூலி இழப்பு, தவறிய டயாலிசிஸ்கள், அதனால் நேர்ந்த அவசர அனுமதிகள் ஆகிய அனைத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அறிக்கையைத் தமிழில், மருத்துவமனைப் பலகையில் எல்லோரும் படிக்கும்படி வைக்க வேண்டும். என் தம்பி மனைவி எழுதிவரும் நோட்டின் நகலைத் தர நாங்கள் தயார். இன்னும் ஆறு குடும்பங்கள் இப்போது எழுதத் தொடங்கியிருக்கின்றன.

பிரிவைத் திறக்கும் வரை, ஒவ்வொரு முறையும் நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ஆகும் பயணச் செலவை அவர்கள் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும், அல்லது தாலுக்காவிலிருந்து ஒரு வாகனம் ஏற்பாடு செய்ய வேண்டும். இது புதுமையான கோரிக்கை அன்று. 2011 முதல் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி பிரசவத்துக்கு அரசு மருத்துவமனைக்கு வரும் பெண்ணை அழைத்து வரவும் வீட்டில் கொண்டுபோய் விடவும் கட்டணமில்லாத வாகனம் உரிமையாக இருக்கிறது. காசநோயாளிக்கு 2018 முதல் ஊட்டச்சத்துக்கான தொகை நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது. வாரம் மூன்று முறை மருத்துவமனைக்கு வந்தே ஆக வேண்டிய ஒருவருக்கு மட்டும் ஏன் அப்படி எதுவும் இல்லை?

டயாலிசிஸுக்கு வராத ஒவ்வொரு நோயாளியையும் மறுநாளே தொலைபேசியில் அழைத்து, வராததற்கான காரணத்தை அவர் சொன்ன சொற்களிலேயே பதிவேட்டில் எழுத வேண்டும். 'இடைநின்றவர்' என்ற ஒற்றைச் சொல்லோடு எந்தப் பெயரையும் மூடக் கூடாது. இனி எந்தப் பிரிவையும் இடம் மாற்றும் முன்பு அங்கே சிகிச்சை பெறுவோரைக் கூட்டி வைத்துக் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும்.

கடைசியாக இரண்டு சிறிய வேலைகள். ஐந்தாவது இயந்திரத்துக்கு வர வேண்டிய உதிரிபாகத்தை வரவழையுங்கள். போக்குவரத்துக் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, கிழக்கு கிராமங்களுக்குச் செல்லும் 8.40 பேருந்தை 9.20-க்கு மாற்றித் தரும்படி கேளுங்கள். மூன்றாவது ஷிஃப்டுக்கு வர ஒப்புக்கொண்ட ஏழு பேரின் கையொப்பத்தை இந்த மடலோடு இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அரசுக் கல்லூரிப் பொருளியல் ஆசிரியை,
டயாலிசிஸ் நோயாளி ஒருவரின் அக்கா